மூடிக்குள் எழுதி வைத்த அஸ்திவாரம்

ரிக் கிரீஸ் மணக்கிற என் அப்பாவுக்கு,

அங்கே தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கிறது? போன இடத்திலும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். யாருக்காவது போர் போட இடம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கொஞ்ச நேரம் துளை போடும் ரிக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தில் நான் சொல்வது கேட்காது.

சேதி இதுதான். நம் வீட்டுக்கு மதிப்புப் போட பேங்கிலிருந்து ஆள் வந்தது. அம்மா பஜ்ஜி சுட்டாள். நான் ஒரு பெரிய முட்டாள்தனம் பண்ணினேன். அது போதாதென்று ஒரு சின்னத் திருட்டுத்தனமும் பண்ணினேன். கடைசியில் காப்பாற்றியது நீங்கள். போய் இரண்டு வருஷம் ஆன மனுஷன் இன்னும் வேலை பார்க்கிறீர்களே, உங்களுக்கு லீவே கிடையாதா?

முதலிலிருந்து சொல்கிறேன். நானும் அம்மாவும் இளம்பிள்ளை ஊர்த் தறிகளிலிருந்து வரும் சேலைகளுக்கு ஓரம் அடித்து, குஞ்சம் கட்டிக் கொடுக்கிறோம். நீங்கள் இருந்தபோது அம்மா ஒரு மிஷினில் பொழுதுபோக்காகச் செய்த அதே வேலைதான். இப்போது மூன்று மிஷின். ஹாலில் மனுஷர் நடக்க வழியில்லை. சேலைக் கட்டுகளுக்கு நடுவில் பாய் விரித்துத்தான் தூங்குகிறோம். போன மாசம் இளம்பிள்ளை முதலாளி வந்து பார்த்துவிட்டு, "எட்டு மிஷின் போடற மாதிரி எடம் இருந்தா சொல்லு கண்ணு, வருஷம் பூரா ஜாக்கெட் ஆர்டர் தாரேன். இல்லீன்னா சங்ககிரியில வேற ஆளு இருக்குது" என்றார்.

இடம் எங்கே இருக்கிறது? மேலேதான். நீங்கள் கட்டுகிறேன் கட்டுகிறேன் என்று சொல்லிக் கட்டாமல் போன மாடி. பேங்குக்குப் போனோம். கடன் தருகிறோம், ஆனால் எங்கள் வேல்யூவர் வந்து வீட்டைப் பார்ப்பார், வீட்டுக்கு மதிப்புப் போட்டு, இதன் மேல் மாடி தாங்கும் என்று கையெழுத்தும் போடுவார், அதற்குப் பிறகுதான் மற்றது என்றார்கள். ஆக, அந்த ஒரு கையெழுத்து வந்தால் எட்டு மிஷின். வராவிட்டால் நான் ஏதாவது மில்லுக்கு ஷிப்டுக்குப் போக வேண்டியதுதான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். கையில் ஐந்து நாள் இருந்தது.

அம்மாவைத் தெரியுமே உங்களுக்கு. வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், பொண்ணு பார்க்க வருவது. வாசலுக்கு மாவிலை கட்டினாள். பக்கத்து வீட்டு ருக்மணி அக்காவிடம் நல்ல பெட்ஷீட் கடன் வாங்கினாள். கண்ணாடித் தம்ளர்களைப் பரணிலிருந்து இறக்கினாள். என் மூஞ்சியைக்கூட ஒரு தடவை உற்றுப் பார்த்து, "தலைக்கு எண்ணெ வெச்சுத்தான் என்ன?" என்றாள். என் தலையை வைத்து யாரம்மா மதிப்புப் போடப் போகிறார்கள்?

ருக்மணி அக்கா மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னிடம் கேட்டது.

"என்ன அம்முணி, ஒறம்பரை சனம் வாராங்களாட்ட இருக்குது?"

"இல்லீங்க்கா. ஊட்டைப் பாக்க வாராங்க."

"ஊட்டைப் பாக்கறாங்கன்னா பொண்ணையும் பாக்கத்தான? மாப்ள எந்த ஊரு?"

"மாப்ளயெல்லாம் இல்லீங்க்கா. பேங்குல இருந்து."

"பேங்குலயா வேலை! சொல்லவேயில்ல பாத்தியா!"

அன்று சாயங்காலத்துக்குள் நம் தெரு முழுக்க எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அம்மா அப்படியென்றால் நான் எப்படி? போனில் வீடியோ பார்த்தேன். வீட்டு மதிப்பைக் கூட்ட என்னென்ன செய்யலாம் என்று ஒரு ஆள் ஏசி ரூமில் நின்று சொல்கிறான். முன்பக்கம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம், முதல் பார்வையிலேயே பாதி முடிவாகிவிடுமாம். அதனால் முன் சுவருக்கு நானே பெயிண்ட் அடித்தேன். ஹால் சுவரில் மின்னல் மாதிரி ஒரு வெடிப்பு ஓடுமே, அதன் மேல் ஒரு சாமி காலண்டரை மாட்டினேன். சேலைக் கட்டு, கேஸ் சிலிண்டர், உடைந்த ஃபேன், உங்கள் இரும்புப் பெட்டி என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் பாத்ரூமுக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

அப்புறம் தெருவில் நின்று வீட்டை நிமிர்ந்து பார்த்தேன். மொட்டை மாடியில் உங்கள் ராக்கெட்டுகள்.

அப்பா, கோபிக்காதீர்கள். ஊரில் எல்லோரும்தான் பின்னால் மாடி கட்டத் தூண் கம்பியை மேலே நீட்டி விடுகிறார்கள். கம்பி துருப்பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும் என்று விடுவார்கள். மிஞ்சினால் பழைய பாட்டிலைக் கவிழ்ப்பார்கள். நீங்கள் மட்டும்தான் போர்க் குழிக்கு இறக்கும் நீலக் கேசிங் பைப்பை இடுப்பளவு துண்டு துண்டாக அறுத்து, பன்னிரண்டு தூணுக்கும் மாட்டி, உள்ளே ரிக் கிரீஸை அப்பி, மேலே மூடியும் போட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் என்ன தெரியுமா? ராக்கெட் ஊட்டுப் புள்ளை. "உங்கப்பன் எப்பப் புள்ள மேல உடறாரு?" என்று கேட்பார்கள். அழுதுகொண்டு வந்து உங்களிடம் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "ஒரு நாளைக்கு உடறன் சாமி" என்றீர்கள். ஒரு நாளும் விடவில்லை.

அதனால் புதன்கிழமை நான் மேலே ஏறி பன்னிரண்டு பைப்பையும் பிடுங்கினேன். ஒவ்வொரு மூடியின் உள்பக்கமும் ஒரு விரல் தடிப்புக்குக் கறுப்புக் கிரீஸ். எவன் துடைப்பான்? சரியாக அந்த நேரத்தில் கீழே மைக்கில் சத்தம். 'பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக்குக்கு வெங்காயம்.' மூட்டை கட்டி இறக்கினேன். நான்கு கிலோ வெங்காயம் கொடுத்தார் அந்த அண்ணன். பெரிய லாபம் என்று நினைத்தேன். ஒரே ஒரு மூடியை மட்டும் அம்மா பூனைக்குப் பால் ஊற்ற என்று எடுத்து வைத்துக்கொண்டாள். ஆமாம், பூனை வளர்க்கிறோம். நீங்கள் வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

கம்பிகளையும் அறுத்துவிடலாம் என்று வெல்டிங் பட்டறை செந்திலிடம் சொன்னேன். "காலைல ஏழு மணிக்கு வாரேன் அம்முணி" என்றான். அவன் ஏழு மணி எத்தனை மணிக்கு வரும் என்று உங்களுக்குத் தெரியும். அவன் மட்டும் அன்று நேரத்துக்கு வந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். எங்காவது முகத்தை மூடிக்கொண்டு படுத்திருப்பேன்.

வியாழக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்தவர் ஒரு பெண். நாற்பது வயசு இருக்கும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஆபீஸாம். அம்மா உங்கள் நாற்காலியில் புதுத் துண்டு விரித்து 'இன்ஜினியர் அய்யா'வுக்காகக் காத்திருந்தவள், "அய்யா பின்னால வாராருங்களா?" என்று கேட்டே விட்டாள்.

"அய்யா யாரும் இல்லம்மா. நான்தான் இன்ஜினியர்" என்றார் அவர், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "முதல்ல பாத்ரூமப் பாத்துறலாமா? தண்ணி ஒழுகுதான்னு அங்கதான் தெரியும்."

அப்பா, நான் என்ன செய்வேன்? "அது பூட்டு ரிப்பேருங்க மேடம்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் தாழ்ப்பாளை இழுத்துவிட்டார். முதலில் ஃபேன் இறக்கை விழுந்தது. அப்புறம் சேலைக் கட்டு. அதற்கப்புறம் உங்கள் இரும்புப் பெட்டி. கடைசியாக சிலிண்டர் மட்டும் மரியாதையாக உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது.

மேடம் சிரிக்கவில்லை. சிலிண்டரைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஹாலுக்கு வந்தார். நேராகக் காலண்டரிடம் போனார்.

"புதுசா மாட்டியிருக்கீங்க போல. வருஷம் பாதி போயிருச்சே?"

அவர் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார்.

"எந்த ஊர்ல எந்த வீட்டுக்குப் போனாலும் வெடிப்பு மேலதான்மா காலண்டர் தொங்கும். நான் காலண்டரப் பாத்துத்தான் வெடிப்பக் கண்டுபிடிக்கிறது. பயப்படாத, இது பூச்சு வெடிப்பு. சுவத்துல இல்ல."

நான் அடித்த பெயிண்டை அவர் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். மூன்று நாள் தோள் வலி.

மாடிக்குப் போனோம். நின்ற இடத்திலிருந்து மலை தெரிந்தது, மலைக்கு முன்னால் உங்கள் பன்னிரண்டு கம்பிக் கொத்து. மேடம் குனிந்து ஒரு கம்பியை விரலால் தேய்த்தார். விரலில் கிரீஸ். கைக்குட்டையால் துடைத்தார். உள்ளே கம்பி நேற்று வாங்கியது மாதிரி இருந்தது. பக்கத்தில் ருக்மணி அக்கா வீட்டுக் கம்பியைத் திரும்பிப் பார்த்தார். அது தொட்டால் உதிரும்.

"எத்தனை வருஷம் ஆச்சு கட்டி?"

"நான் நாலாவது படிக்கறப்பங்க. பன்னெண்டு பதிமூணு வருசம் இருக்கும்."

"இத்தனை வருஷத்துக்கு இப்படி ஒரு கம்பிய நான் பாத்ததேயில்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் செந்தில், கையில் கட்டருடன். "எந்தக் கம்பியில ஆரம்பிக்கட்டும் அம்முணி?"

மேடம் என்னைப் பார்த்தார். செந்திலைப் பார்த்தார். கட்டரைப் பார்த்தார்.

"மாடி கட்டக் கடன் கேக்கறீங்க. மாடிக் கம்பிய அறுக்க ஆள் வரச் சொல்லியிருக்கீங்க?"

"பாக்க நல்லா இருக்காதுன்னுங்க" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேட்டது, எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று. செந்தில் சத்தமில்லாமல் கட்டரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அப்புறம்தான் மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். "கீழ் வீட்டுக்கு மதிப்புப் போடறதுல பிரச்சனையில்ல. ஆனா மேல கட்டலாம்னு நான் கையெழுத்துப் போடணும்னா அஸ்திவாரம் எத்தனை ஆழம், அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். யார் கட்டினது? கேக்க முடியுமா?"

"அவரே ஆளுங்களோட நின்னு கட்டுனதுங்க. அவரு இல்லீங்க இப்ப" என்றாள் அம்மா.

சும்மா சொல்லக் கூடாது, மேடத்துக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் பேனாவை மூடினார். அந்த மூடுகிற சத்தத்தில் என் எட்டு மிஷினும் வரிசையாக நின்றுபோனது.

அப்போது அம்மா, "ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் பூனைப்பால் மூடி. "இதை நேத்து சோப்புப் போட்டுக் கழுவுனனுங்க. உள்ளுக்க அவரு கையெழுத்து. என்னமோ ரிக் சமாச்சாரம்னு நெனச்சு உட்டுட்டேன்."

மேடம் பாலைத் துடைத்துவிட்டுப் படித்தார். சிவப்புப் பெயிண்டில், உங்கள் கோணல் எழுத்து. '4. குழி ஏழு அடி. அடியில் பாறை. கம்பி எட்டு.'

அவர் வாசல் பக்கத்திலிருந்து எண்ணி நாலாம் தூணுக்குப் போய்க் கம்பியை எண்ணினார். எட்டு இருந்தது.

"மத்த மூடியெல்லாம் எங்க?"

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மத்த மூடியெல்லாம் கீழே தட்டில், வெங்காய பஜ்ஜியாக, ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஏனப்பா இதை எங்களிடம் சொல்லவில்லை? போர் போடும்போது எத்தனை அடியில் என்ன மண் வந்தது என்று அங்கேயே எழுதி வைப்பீர்களே, அதே பழக்கம். ரிக்கில் எல்லோரும் அப்படித்தான், எழுதினது அந்தந்தக் குழிப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது உங்களுக்குச் சாதாரணம். எங்களுக்கு எப்படித் தெரியும்? கர்நாடகாவில் போர் போடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், மூடியைப் பார் என்று யாரிடம் சொல்லியனுப்பியிருக்க முடியும்?

மேடம் நல்லவர். ஒரு மணி நேரம் இருக்கிறேன் என்றார். அம்மா பஜ்ஜித் தட்டை அவர் முன்னால் வைத்தாள். நான் ஸ்கூட்டியை எடுத்தேன். மைக் சத்தம் கேட்கிறதா என்று ஒவ்வொரு சந்தாகக் காதை நீட்டிக்கொண்டே போனேன். வெங்காயக்கார அண்ணன் ஈரோடு ரோட்டில் டீக்கடையில் நின்றிருந்தார்.

"அண்ணா, நேத்துப் போட்ட மூடியெல்லாம் வேணுங்ணா."

"வெங்காயம் அழுகலா அம்முணி?"

"வெங்காயமெல்லாம் நல்லாத்தான் இருந்துது. மூடியில எங்கப்பா இருக்காருங்ணா."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். நான் சொன்னதை என்னவென்று புரிந்துகொண்டாரோ, வண்டியில் இருந்த மூட்டையை ரோட்டிலேயே கொட்டி இரண்டு பேருமாகத் தேடினோம். பத்து மூடி கிடைத்தது. "இன்னொண்ணு ஊட்ல கோழிக்குத் தண்ணி வெக்கக் கொண்டுபோயிட்டன் சாமி. தேடி எடுத்தாந்து தாரேன்" என்றார்.

அங்கேயே டீக்கடைக்காரரிடம் பழைய பேப்பர் வாங்கி ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஏழு அடி. ஆறரை அடி. ஏழு அடி. ஒவ்வொன்றுக்கும் எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அப்புறம் ஒன்பதாவது. '9. குழி நாலு அடி. பாறை வந்துருச்சு. அதுக்கு மேல கடப்பாரை இறங்கலை. விட்டுட்டேன்.'

நாலு அடி. மற்றதெல்லாம் ஏழு, இது நாலு. விட்டுட்டேனாமே! ஏனப்பா, விட்டதை யாராவது எழுதி வைப்பார்களா?

இப்போது அந்தத் திருட்டுத்தனத்தைச் சொல்கிறேன். ஒன்பதாம் மூடியைத் தனியாக எடுத்து ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டினேன். மற்ற ஒன்பதை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காலண்டர் மாட்டிய கை அது, வேறு என்ன செய்யும்?

மேடம் அம்மாவின் மூடியையும் சேர்த்துப் பத்தையும் தரையில் வரிசையாக அடுக்கினார். "ஒன்பது எங்க? பன்னெண்டு எங்க?"

"ரெண்டும் கெடைக்கலீங்க."

அவர் பஜ்ஜியை மென்றுகொண்டே மூடிகளைப் பார்த்தார். "எல்லாம் ஏழு, ஏழு, ஆறரை, ஏழு. ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் எனக்கு இடிக்குது. பாறை இருக்கற பூமியில பன்னெண்டு குழியும் ஒரே மாதிரி எறங்காதும்மா. ஏழுன்னு எழுத யாரால முடியாது? உங்கப்பா எழுதினதா, நீ போற வழியில எழுதிட்டு வந்ததா, எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. என்னைச் சொன்னதற்கு இல்லை. உங்களைச் சந்தேகப்பட வைத்துவிட்டேனே, அதற்கு. எழுந்து போய் ஸ்கூட்டி சீட்டைத் திறந்து ஒன்பதாம் மூடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"கெடைச்சுதுங்க. நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

அம்மா, "அடிப் பாவி" என்றாள். மேடம் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். அப்புறம்தான் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

"இதைத்தான்மா நான் தேடினேன். பொய் எழுதறவர் இதுக்கும் ஏழுன்னு எழுதியிருப்பார். விட்டுட்டேன்னு எழுத மாட்டார்."

"நாலு அடிதான இருக்குதுங்க?"

"பாறை மேல உக்காந்த நாலு அடி, மண்ணு மேல நிக்கற ஏழு அடிய விட நல்லது. நீ என்ன படிச்ச?"

"சிவில் இன்ஜினியரிங்குங்க. மூணாவது வருசத்துல நின்னுட்டேன்."

"எந்தப் பாடத்துல?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "அஸ்திவாரப் பாடத்துலதாங்க. ரெண்டு தடவை அரியர்."

செந்தில் சிரித்த சிரிப்பில் கட்டர் கையிலிருந்து விழுந்தது. அவனைத் திட்டுங்கள்.

ஆனால் வெறும் எழுத்தை நம்பிக் கையெழுத்துப் போட முடியாதே. ஒரு குழியைத் தோண்டிக் காட்டுங்கள் என்றார் மேடம். பக்கத்தில் இன்னொரு வீடு பார்க்க வேண்டியிருந்தது, நான்கு மணிக்குத் திரும்பி வருவதாகச் சொன்னார். எந்தக் குழி என்று கேட்டேன். "வேற எது? ஒன்பதுதான்" என்றார்.

ஒன்பதாம் தூண் கொல்லையில் துவைக்கிற கல்லை ஒட்டி இருக்கிறது. நானும் செந்திலும் கடப்பாரையை எடுத்தோம். வந்ததற்கு ஏதாவது ஒரு வேலை செய்துவிட்டுப் போ என்று அம்மா அவனை விடவில்லை. ருக்மணி அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தது. "மாப்ள ஊட்டுக்காரங்க வந்த அன்னிக்கு ஏன் அம்முணி குழி தோண்டறீங்க?" அம்மா அங்கேயும் ஒரு தட்டு பஜ்ஜி கொடுத்து வாயை அடைத்தாள்.

மூன்று அடி வரை மண் லேசாக வந்தது. எனக்குப் பயமும் அதோடு வந்தது. நாலு அடி என்று நீங்கள் எழுதியிருந்தாலும், அப்போது எப்படி அளந்தீர்களோ, யாருக்குத் தெரியும்? மேடம் வந்து மேட்டில் நின்றார். நான் கடப்பாரையைத் தூக்கிப் போட்டேன். 'ணங்' என்று ஒரு சத்தம். கை முட்டி வரை அதிர்ந்தது. அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாறை சத்தம்.

மேடம் இறங்கி டேப்பை விட்டுப் பார்த்தார். "நாலு அடி ஒரு அங்குலம்."

"அவரு எப்பவும் ஒரு அங்குலம் எச்சாத்தான் குடுப்பாருங்க" என்றாள் அம்மா. சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேடத்துக்குக் காபி போட உள்ளே போனாள்.

அவ்வளவுதான் அப்பா. போன திங்கட்கிழமை பேங்கிலிருந்து கூப்பிட்டார்கள். நாங்கள் நினைத்ததைவிட நல்ல மதிப்பாகப் போட்டிருக்கிறார். மாடி கட்டலாம் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். கடன் வந்துவிட்டது. ஆடி முடிந்ததும் வேலை ஆரம்பிக்கிறோம். மாடி எழும்பியதும் மிஷினை ஏற்றச் சொல்லிவிட்டார் இளம்பிள்ளை முதலாளி. செந்தில்தான் கம்பி வேலை. அறுக்கிற வேலை கிடையாது, சேர்க்கிற வேலை.

நான் காலேஜை விட்டு வந்த அன்று நீங்கள் கத்துவீர்கள் என்று தயாராக வந்தேன். நீங்கள் கத்தவில்லை. "சரி சாமி, புடிக்கலீன்னா உடு. வேற என்ன பண்ணுவ?" என்று மட்டும் கேட்டீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு போனேன். அந்தக் கேள்வி அப்படியே நின்றுகொண்டிருந்தது. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கெட் தைக்கப் போகிறேன். எட்டு மிஷினில். உங்கள் தலைக்கு மேல்... இல்லை, உங்கள் தூணுக்கு மேல்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெங்காயக்கார அண்ணன் பன்னிரண்டாம் மூடியோடு வந்தார். "கோழி தர மாட்டேன்னுருச்சு சாமி" என்றார். கையெழுத்தெல்லாம் போட்டாகிவிட்டது, இனி அது எதற்கு என்றுதான் வாங்கி வைத்தேன். அப்புறம் சும்மா துடைத்துப் பார்த்தேன். மற்றதில் எல்லாம் குழியும் பாறையும்தான். இதில் வேறு ஒன்றும் இருந்தது.

'12. குழி ஆறரை அடி. பாப்பா உள்ளே இறங்கி அளந்தது. அவ தலைக்கு மேல இன்னும் ரெண்டரை அடி.'

வானம் சதுரமாகத் தெரிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேலே உங்கள் இரண்டு கை தெரிந்ததும். அது ஏதோ கனவு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பரீட்சைத் தாளில் இதை எழுதியிருக்க முடிந்தால் பாஸ் பண்ணியிருப்பேன்.

வாக்குக் கொடுக்கிறேன். மேல்மாடித் தூணிலும் கம்பியை நீட்டி விடுவேன். நீல பைப் போடுவேன், கிரீஸ் அப்புவேன், மூடிக்குள் நானே எழுதி வைப்பேன். எங்கே சரியாக வந்தது, எங்கே விட்டுட்டேன், இரண்டையும். தெருவே சிரித்தாலும் சரி. யாராவது எப்போது மேலே விடுகிறாய் என்று கேட்டால், ஒரு நாளைக்கு விடுகிறேன் என்று சொல்கிறேன்.

ரிக்கை இனி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்.

பன்னிரண்டாம் குழியில் இறங்கி அளந்த உங்கள் மகள்,
ராக்கெட் ஊட்டு அம்முணி